22 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு முதல் விமானம்: ஓசூரை வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

சொந்த விமானம் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் அரிய வசதி இருக்கிறது. ஓசூரை ஒட்டிய பெலகொண்டபள்ளியில் தனேஜா நிறுவனத்தின் தனியார் விமானதளம் உள்ளது. ஓடுதளம் ஏழாயிரம் அடி. இத்தாலிய வடிவமைப்பான பார்ட்டனாவியா பி68 விமானமும், தேசிய வான்வெளி ஆய்வகமான என்.ஏ.எல். வடிவமைத்த ஹன்சா-3 பயிற்சி விமானமும் இந்த வளாகத்தில் தயாரிக்கப்பட்டிருக்கின்றன. தருமபுரி மாவட்டத்தில் விமானதளம் கிடையாது. அங்கிருப்பவர்கள் வடக்கே ஓசூருக்கு வர வேண்டும், இல்லையென்றால் தொப்பூர் கணவாயைத் தாண்டி சேலம் காமலாபுரத்துக்குப் போக வேண்டும்.

இங்கே ஆராய்வது ஒரு மாதிரி நிகழ்வு, குறிப்பிட்ட எவருடையதும் அல்ல. ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகப் பட்டறை நடத்தும் 53 வயதுக்காரர். இளவயதில் தனியார் விமானி உரிமம் எடுத்து, இரண்டு இருக்கை கொண்ட செஸ்னா 152இல் 68 மணி நேரம் பறந்திருக்கிறார். அதன்பின் தொழில், குடும்பம் என்று 22 ஆண்டுகள் விமானத்தின் பக்கமே போகவில்லை. இப்போது தருமபுரியில் இருக்கும் மைத்துனரோடு கூட்டாக ஒரு நான்கு இருக்கை விமானம் வாங்க நினைக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சேரி, கோயம்புத்தூர். சில நாள் சும்மா ஒரு மணி நேரம் கிருஷ்ணகிரி அணை வரை போய்த் திரும்புவது. அவ்வளவுதான் தேவை.

அவர் முதலில் செய்த காரியம், விற்பனைக்கு வந்த நான்கு இருக்கைச் செஸ்னா 172 ஒன்றைப் பார்க்கப் போனது. விற்பவர் சொன்னது: "ரொம்பக் கம்மியா ஓடின வண்டி சார். எஞ்சின் ஓவர்ஹால் பண்ணி 420 மணி நேரந்தான் ஆச்சு." ஓவர்ஹால் என்றால் எஞ்சினை முழுக்கப் பிரித்துப் புதுப்பிப்பது. பட்டறைக்காரருக்கு அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம்.

இந்த நிகழ்வில் சரிசெய்ய வேண்டிய முதல் விஷயம் வரிசை. முதலில் உடல் தகுதி, அடுத்து திரும்பப் பறக்கும் திறமை, அதற்கடுத்து விமானத்தை நிறுத்தும் கொட்டகையான ஹேங்கரில் இடம். விமானம் இவை மூன்றுக்கும் பிறகு. இந்த வரிசை மாறினால் விமானம் ஹேங்கரில் தூங்கும். தூங்கும் விமானம் எப்படிக் கெட்டுப்போகிறது என்பதைக் கீழே விரிவாகப் பார்ப்போம். அதுதான் இந்த ஆய்வின் மையம்.

உடல் தகுதியும் உரிமமும்

தனியார் விமானி உரிமத்துக்கு இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று போதும். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவர் பரிசோதனை செய்வார். 50 வயதைத் தாண்டியவர்களுக்குச் சிக்கல் வரும் இடங்கள் தெரிந்தவைதான்: ரத்த அழுத்தம், சர்க்கரை, இ.சி.ஜி., காது. பரிசோதனைக்கு மூன்று மாதம் முன்பே குடும்ப மருத்துவரிடம் இந்த நான்கையும் பார்த்து, மருந்து தேவைப்பட்டால் தொடங்கி, அளவு நிலைபெற்ற பிறகு போவது நல்லது. எடுக்கிற மாத்திரைகளை மறைக்கவே கூடாது. பல ரத்த அழுத்த மாத்திரைகளோடு பறக்க முடியும். மறைத்தது பின்னால் தெரிந்தால் உரிமம் போகும், காப்பீடும் நிற்காது. இந்தச் சான்று கைக்கு வரும்வரை விமானத்துக்கென்று ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது.

பழைய உரிமம் காகிதத்தில் இருக்கும். இன்று எல்லாம் டி.ஜி.சி.ஏ.வின் இ-ஜி.சி.ஏ. தளம் வழியாகத்தான் நடக்கிறது. பறப்புப் பதிவேடான பழைய லாக்புக்கின் ஒவ்வொரு பக்கமும், அதில் பயிற்சியாளர் கையொப்பமும் ஸ்கேன் செய்து வைத்திருக்க வேண்டும். உரிமம் காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் புதுப்பிப்பு வெறும் கட்டணத்தோடு முடியாது. தேர்வும் திறன் சோதனையும் இருக்கும் என்று எண்ணியே கால அட்டவணை போட வேண்டும். ரேடியோ உரிமத்தையும் கவனிக்க வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதீய வாயுயான் அதிநியம் 2024, தொலைத்தொடர்புத் துறையிடம் இருந்த ரேடியோ தேர்வை டி.ஜி.சி.ஏ.விடம் கொடுத்துவிட்டது. ஆகவே பழைய நண்பர்கள் சொல்லும் நடைமுறை இன்று பொருந்தாது.

கை மறந்ததும் கண் ஏமாறுவதும்

68 மணி நேர அனுபவம், 22 ஆண்டு இடைவெளி. இதற்குப் பயிற்சியாளரோடு 12 முதல் 15 மணி நேரம் ஒதுக்கித் திட்டமிட வேண்டும் என்பது எங்கள் கணிப்பு. சைக்கிள்போல் விமானம் ஓட்டுவதும் மறக்காது என்பார்கள். கை அசைவு சீக்கிரம் திரும்பிவிடுவது உண்மைதான். திரும்ப நேரம் எடுப்பது முடிவெடுக்கும் வேகமும் ரேடியோ பேச்சும்.

முதல் மூன்று பறப்பில் மெதுவான பறப்பு, ஸ்டால் (மூக்கு அதிகம் தூக்கி இறக்கை தாங்கும் சக்தியை இழப்பது), செங்குத்தான திருப்பம் மட்டும். தரையிறங்கும் பயிற்சியை அன்றே தொடங்க மனம் அரிக்கும், அடக்க வேண்டும். ஸ்டாலுக்கு முந்தைய அதிர்வை உடல் மீண்டும் உணர்ந்த பிறகு தரையிறங்கினால் பயிற்சி நேரம் குறைகிறது. அடுத்த நான்கைந்து பறப்புகள் ஓடுதளத்தைச் சுற்றியே. பிறகு எஞ்சின் நின்றால் என்ன செய்வது, பக்கக் காற்று, குறுகிய ஓடுதளம். கடைசியாக சேலம் வரை ஒரு தொலைப்பறப்பு.

ஓசூரில் திரும்பப் பறப்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பயிற்சிச் சங்கங்களின் குறுகலான ஓடுதளத்தில் பழகிய கண்ணுக்கு அகலமான ஓடுதளம் அருகில் வந்துவிட்டதுபோல் தெரியும். அதனால் மூக்கைச் சீக்கிரமே தூக்கிவிடுவார்கள். விமானம் பத்தடி உயரத்தில் வேகத்தை இழந்து தொப்பென்று விழும். மூக்குச் சக்கரம் முதலில் பட்டால் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் ஃபயர்வால் தகடு மடங்கும். பழைய 172 வாங்கும்போது இந்த மடிப்பைத்தான் தேடச் சொல்லப்போகிறோம்.

22 ஆண்டில் நடைமுறைகளும் மாறியிருக்கின்றன. பறப்புத் திட்டம் கொடுத்து, பறப்புத் தகவல் மையமான எஃப்.ஐ.சி.யின் எண்ணும், வான் பாதுகாப்பு அனுமதியான ஏ.டி.சி. எண்ணும் வாங்கிய பிறகே கிளம்ப முடியும். நம் பகுதிக்கு எஃப்.ஐ.சி. சென்னையில் இருக்கிறது. ஓசூர் பெங்களூரு வான்பரப்பின் விளிம்பிலேயே இருப்பதால், இந்த எண்களைக் கையில் எழுதிவைக்காமல் எஞ்சினை இயக்கக் கூடாது. கண்பார்வை விதிப்படி பறப்பவர்கள் சூரிய உதயத்துக்கு 20 நிமிடம் முன்பிருந்து மறைவுக்கு 20 நிமிடம் பின்பு வரை மட்டுமே பறக்கலாம். புதுச்சேரியிலிருந்து மாலை ஐந்தரைக்குக் கிளம்பலாம் என்ற கணக்கு டிசம்பரில் ஒத்துவராது. பயணிகளை ஏற்ற, கடந்த 90 நாளில் மூன்று முறை மேலேறி மூன்று முறை இறங்கியிருக்க வேண்டும்.

ஓசூரின் உயரம் செய்யும் வேலை

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3000 அடி. கடற்கரைச் சங்கத்தில் கற்றவருக்கு இந்த எண்ணின் கனம் சட்டென்று பிடிபடாது, ஆகவே கணக்கைப் போட்டே காட்டிவிடுகிறோம்.

அந்த உயரத்துக்கு விமானக் கணக்கில் தரமாகக் கொள்ளும் வெப்பநிலை 9 டிகிரி. ஏப்ரல் மதியம் 36 டிகிரி இருந்தால் வித்தியாசம் 27. வெயிலில் காற்று மெலிவதால், ஒரு டிகிரிக்கு 120 அடி வீதம் 3240 அடி கூடும். ஆக எஞ்சினும் இறக்கையும் உணரும் உயரம், அதாவது அடர்த்தி உயரம், சுமார் 6200 அடி. அதிகாலை 24 டிகிரியில் இதே கணக்கு 4800 அடி தரும். காலை ஏழு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் இடையில் 1400 அடி வித்தியாசம்.

செஸ்னா 172பி (172P) மாடல் கடல்மட்டத்தில் நிமிடத்துக்கு 700 அடி ஏறும் என்கிறது கையேடு. முழு எடையோடு 6200 அடி அடர்த்தி உயரத்தில் அது 400 அடியைச் சுற்றி நிற்கும். அதுவும் புது எஞ்சினுக்கு. மேலேறத் தேவையான ஓட்டம் ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். ஓசூரின் நீண்ட ஓடுதளம் இதை மறைத்துவிடும். அதே எடை, அதே வெயிலில் ஒரு சிறிய ஓடுதளத்துக்குப் போகும் அன்றுதான் உண்மை தெரியவரும்.

இரண்டு பழக்கங்களை ஓசூரில் புதிதாகக் கற்றாக வேண்டும். முதலாவது மிக்ஸ்சர், அதாவது எரிபொருள்-காற்றுக் கலவை. கடற்கரையில் கற்றவர்கள் அதன் சிவப்புக் குமிழை முழுக்க உள்ளே தள்ளிவிட்டுத்தான் கிளம்புவார்கள். 3000 அடிக்கு மேற்பட்ட தளங்களில் ஓரிடத்தில் நின்றபடி முழு த்ராட்டில் (எஞ்சின் விசை) கொடுத்து, சுழற்சி எண்ணிக்கை உச்சத்துக்கு வரும்வரை மிக்ஸ்சரை மெலிதாக்கிய பிறகே கிளம்ப வேண்டும் என்று செஸ்னா கையேடே சொல்கிறது. ஓசூர் அந்த எல்லையில் உட்கார்ந்திருக்கிறது. வெயிலில் அதைத் தாண்டிவிடுகிறது. முழுக்கச் செறிவாக வைத்தால் எஞ்சின் புகைந்து, இருக்கிற குதிரைத்திறனிலும் ஒரு பங்கு போகும்.

இரண்டாவது இறங்கும் வேகம். வேகமானியில் 65 நாட் (மணிக்கு 65 கடல்மைல்) காட்டும்போது, காற்று மெலிந்த அந்த மதியத்தில் உண்மையான வேகம் 71 நாட். தரை விரைவாக ஓடுவதைக் கண்ட கண் "வேகம் அதிகம்" என்று சொல்லும், கை மூக்கைத் தூக்கும், விமானம் ஸ்டாலை நோக்கிப் போகும். கண்ணை விட்டு வேகமானியை நம்பப் பழகுவதற்குப் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பருவத்தையும் சொல்லிவிட வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை அதிகாலை மூடுபனி பல நாள் ஒன்பது மணி வரை விடாது. மாங்காய் சீசனில் மாலை நான்குக்கு மேல் இடிமேகம் திரளும். குளிர்ந்த ஈரமான காலையில் கார்புரேட்டருக்குள் பனி பிடிக்கும். இறங்குவதற்காக எஞ்சின் வேகத்தைக் குறைக்கும் முன்பே கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் கார்ப் ஹீட் குமிழை இழுத்துவிட வேண்டும். நம் ஊரில் எங்கே பனி பிடிக்கப்போகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. 20 டிகிரி வெப்பமும் நிறைந்த ஈரமும் சேர்ந்தால் பிடிக்கும்.

நான்கு இருக்கை உண்மையில் தேவையா

172பி மாடலின் உச்ச எடை 1089 கிலோ. ரேடியோ, ட்ரான்ஸ்பாண்டர் எல்லாம் சேர்த்து காலி எடை 680 கிலோ என்று வைத்துக்கொள்வோம், மீதி 409. பயன்படுத்தத்தக்க எரிபொருள் 151 லிட்டர், அதன் எடை 109 கிலோ. மிச்சம் 300 கிலோ: 75 கிலோவில் நான்கு பேர், பெட்டி ஒன்றுகூடக் கிடையாது. இதைக் காகிதத்தில் எழுதிக் குடும்பத்தாரிடம் காட்டிவிட வேண்டும். புதுச்சேரிக்குப் பெட்டியில்லாமல் யாரும் கிளம்பப்போவதில்லை.

ஆனால் புதுச்சேரிக்கு முழு டேங்க் தேவையில்லை. நேர்கோட்டில் சுமார் 127 கடல்மைல், 172இல் 110 நாட் வேகத்தில் 70 நிமிடம். மணிக்கு 32 லிட்டர் வீதம் 37 லிட்டர். போய்த் திரும்ப 75, ஏறுவதற்கும் கையிருப்புக்கும் சேர்த்து 110 லிட்டர் வைத்தால் 30 கிலோ பெட்டிக்குக் கிடைக்கிறது. காலை ஆறரைக்குக் கிளம்பினால் நான்கு பேர் போகலாம்; மதியம் இரண்டு மணிக்கு அதே நான்கு பேரோடு ஓசூரிலிருந்து கிளம்பக் கூடாது. இந்த இரண்டு வாக்கியங்களையும் ஏற்றுக்கொள்கிறவருக்கு 172 சரியான விமானம்.

செஸ்னா 152 இருவருக்கு மட்டும். உச்ச எடை 757 கிலோ, முழு எரிபொருள் ஏற்றினால் சுமார் 168 கிலோ ஆட்களுக்கு. 80 கிலோவில் இருவர், ஒரு தோள்பை. புதுச்சேரிக்கு 76 நிமிடம், 172ஐவிட ஆறே நிமிடம் அதிகம். எரிபொருள் செலவில் முக்கால் பங்கு. பறப்புகளில் பெரும்பாலானவை ஒருவரோ இருவரோ செய்யும் அணைக்கட்டுச் சுற்றாகத்தான் இருக்கும் என்றால் 152தான் அறிவுள்ள தேர்வு. இந்த நிகழ்வில் மைத்துனர் பங்கு போடுகிறார், இரு குடும்பங்கள், ஆகவே 172 பக்கம் சாய்கிறோம்.

ரோட்டாக்ஸ் எஞ்சின் பொருத்திய இலகு விமானங்களைப் பற்றிக் கேட்பவர்கள் பெட்ரோல் பங்கில் எரிபொருள் போடலாம் என்ற ஆசையில் கேட்கிறார்கள். ரோட்டாக்ஸ் 912 வரிசையில் எத்தனால் 10 சதவிகிதம் வரையே அனுமதி. நம் பங்குகளில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ரப்பர் குழாய்களும் கார்புரேட்டர் மிதவையும் ஊறும், நீர் பிரிந்து அடியில் தங்கும். ஆகவே அதிலும் விமானப் பெட்ரோலான ஏவ்காஸ் 100எல்.எல்.தான், அந்த எரிபொருளில் உள்ள ஈயம் படிவதால் எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும். ஏவ்காஸ் முன்பு இறக்குமதியாகவே வந்தது. 2022 செப்டம்பரில் இந்தியன் ஆயில் குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்து வெளியிட்டது. ஆனாலும் எல்லாத் தளத்திலும் கிடைக்காது. போகிற இடத்தில் உண்டா என்று முந்தைய நாளே தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும்.

இரண்டு 172கள்

முதல் விமானம் விற்பவர் புகழ்ந்தது: 172என், மொத்தம் 3100 மணி, எஞ்சின் ஓவர்ஹால் செய்து 420 மணி. லாக்புக்கைப் புரட்டினால் ஓவர்ஹால் நடந்தது 14 ஆண்டு முன்பு. கடைசி ஐந்து ஆண்டு கடற்கரை ஊர் ஒன்றில் ஹேங்கருக்குள் நின்றிருக்கிறது. ஆண்டுக்கு நான்கைந்து மணி நேரம்.

இரண்டாவது ஒரு பயிற்சிப் பள்ளி கழிக்கும் 172பி: மொத்தம் 9800 மணி, எஞ்சின் 1150 மணி. உட்புறம் தேய்ந்து, இருக்கைத் துணி கிழிந்து, பெயின்ட் வெளுத்துப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். ஆனால் ஆண்டுக்கு 500 மணி நேரம் பறந்திருக்கிறது. எஞ்சின் ஓவர்ஹால் செய்து இரண்டேகால் ஆண்டுதான் ஆகிறது.

புதிதாக வாங்குகிறவர் பத்தில் ஒன்பது பேர் முதலாவதைத்தான் எடுப்பார். நாங்கள் இரண்டாவதைப் பார்க்கச் சொல்கிறோம். காரணம் எஞ்சினுக்குள் இருக்கிறது. இந்த இரண்டிலும் உள்ள லைகமிங் எஞ்சினில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் க்ராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. எஞ்சினை நிறுத்திச் சில நாளில் அதன் மேலிருக்கும் எண்ணெய்ப் படலம் வடிந்துவிடும். கடற்கரை ஈரம் உள்ளே புகுந்து கேமின் மேடுகளில் துரு பிடிக்கும். அடுத்த முறை எஞ்சின் ஓடும்போது, கேமோடு உரசும் டேப்பெட் அந்தத் துருவைத் தேய்த்து எடுக்க, அடியில் சிறு குழிகள் விழும். குழி விழுந்த மேடு அடுத்தடுத்த மணி நேரங்களில் உதிரத் தொடங்கும். உதிர்ந்த எஃகுத் தூள் எண்ணெயோடு பேரிங்குகளுக்குப் போகும். வாரம் ஒரு முறை தரையில் பத்து நிமிடம் ஓட்டிவைத்தேன் என்று விற்பவர் சொன்னால் நிலைமை இன்னும் மோசம்: அந்தப் பத்து நிமிடத்தில் எண்ணெய் போதுமான அளவு சூடாகாது, எரிப்பில் உண்டான நீர் ஆவியாகி வெளியேறாமல் உள்ளேயே தங்கும். ஒரு மணி நேரம் வானில் பறந்து, எண்ணெய் 80 டிகிரியைத் தொட்டால்தான் அந்த நீர் போகும்.

172என் மாடலில் கூடுதல் கவலை ஒன்று. அதிலிருக்கும் ஓ-320-எச்2ஏ.டி. எஞ்சின், கேமும் டேப்பெட்டும் தேய்வதற்குப் பேர்போனது. 50 மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றும்போது லைகமிங் குறிப்பிடும் எல்.டபிள்யூ-16702 சேர்மானத்தை ஊற்ற வேண்டும். லாக்புக்கில் அந்தப் பதிவு விடுபட்டிருந்தால் கேம் மேல் சந்தேகம் கூடும். தீப்பொறி தரும் இரண்டு மேக்னட்டோவும் ஒரே அச்சில் சுற்றுகின்றன, அந்த அச்சு போனால் இரண்டும் போகும். ஒரே நல்ல விஷயம், டேப்பெட்டுகளை எஞ்சினைப் பிரிக்காமல் வெளியிலிருந்தே உருவிப் பார்க்கலாம். முகத்தில் குழி தெரிந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். 172பி மாடலில் இருப்பது ஓ-320-டி2ஜே, தனித்தனி மேக்னட்டோ, சாதுவான எஞ்சின். இறங்கும்போது இறக்கையின் பின்புறம் தாழும் ஃப்ளாப்பும் 172என்னில் 40 டிகிரி, 172பியில் 30. ஓசூர் மதிய வெயிலில் 40 டிகிரி ஃப்ளாப்போடு இறங்காமல் மீண்டும் ஏற வேண்டி வந்தால் விமானம் ஏறவே மறுக்கும். நீண்ட இடைவெளிக்குப் பின் வருகிறவருக்கு 30 டிகிரியே பாதுகாப்பு.

லைகமிங் இந்த எஞ்சின்களுக்குப் பரிந்துரைக்கும் ஓவர்ஹால் இடைவெளி 2000 மணி, அல்லது 12 ஆண்டு. முதல் விமானம் ஆண்டுக் கணக்கில் ஏற்கெனவே தாண்டிவிட்டது. அதை ஓவர்ஹாலுக்கு நிற்கும் எஞ்சின் என்றே மதித்து விலை பேச வேண்டும். 420 என்ற எண்ணுக்குப் பணம் கொடுக்கக் கூடாது. இரண்டாவதில் 850 மணி மிச்சம், ஒன்பதே முக்கால் ஆண்டு மிச்சம். ஆண்டுக்கு 80 மணி பறந்தால் ஒன்பதே முக்கால் ஆண்டில் 780 மணி. இரண்டு கெடுவும் ஏறக்குறைய ஒன்றாகவே முடிகின்றன. காசு கொடுத்த எஞ்சின் முழுவதும் பயன்படுகிறது.

வாங்கும் முன் பரிசோதனை

விற்பவரின் பொறியாளர் வேண்டாம். வாங்குபவர் தன் செலவில், அந்த ரகத்தில் அங்கீகாரம் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர் (ஏ.எம்.இ.) ஒருவரை அழைத்துப்போக வேண்டும். ஒன்றரை நாள் வேலை. முன்பணம் கொடுப்பதாக இருந்தால் பரிசோதனையில் தேறாவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்று எழுத்தில் வாங்கிய பிறகே.

முதல் அரை நாள் லாக்புக். விமானச் சட்டகம், எஞ்சின், ப்ரொபெல்லர் மூன்றுக்கும் அசல் புத்தகங்கள்; நகல் ஏற்க வேண்டாம். கட்டாயப் பறப்புத் தகுதி ஆணைகளின் பட்டியலைப் பொறியாளரே புதிதாகத் தயாரித்து, ஒவ்வொன்றுக்கும் நிறைவேற்றிய தேதியைத் தேட வேண்டும். செஸ்னாவில் இருக்கைத் தண்டவாளம் பற்றிய 2011-10-09 ஆணையைத் தவறவிடக் கூடாது: தேய்ந்த துளையில் முளை நழுவி, மேலேறும் நேரத்தில் இருக்கை பின்னால் சறுக்கினால் விமானி ஸ்டீயரிங்கைத் தன் நெஞ்சோடு இழுத்துவிடுவார். பைப்பர் பி.ஏ-28 பார்க்கிறவர்கள் இறக்கையின் முதன்மைத் தாங்கியான ஸ்பாரின் போல்ட் துளைகளில் விரிசல் தேடும் எடி கரன்ட் சோதனை பற்றிய 2020-26-16 ஆணையைத் தேட வேண்டும். பயிற்சிப் பள்ளி விமானங்களுக்கு அது மிக முக்கியம்.

எஞ்சினை ஓட்டிச் சூடாக்கிய பின் கம்ப்ரஷன் சோதனை. சிலிண்டருக்குள் 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்றைக் கொடுத்தால் 70க்கு மேல் நிற்பது நலம். சிலிண்டர்களுக்கு இடையே 15க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, எதுவும் 60க்குக் கீழே போனாலோ காரணம் தெரிய வேண்டும். காதை வைத்துக் கேட்டாலே பாதி தெரியும்: புகைக்குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, எண்ணெய் ஊற்றும் துளையில் சீறினால் பிஸ்டன் ரிங். கூடவே உள்ளே பார்க்கும் சிறு கேமராவான போரஸ்கோப் விட்டு எக்ஸாஸ்ட் வால்வின் முகத்தைப் பார்க்க வேண்டும். நிறம் வட்டம் வட்டமாகச் சீராக இருந்தால் நல்லது. ஒரு ஓரத்தில் மட்டும் வேறு நிறம் ஏறியிருந்தால் அந்த இடத்தில் வால்வு எரிகிறது.

எண்ணெய் வடிகட்டியை வெட்டி, மடிப்புகளை விரித்து, காந்தம் வைத்துத் தேய்க்க வேண்டும். ஒட்டிக்கொள்ளும் மினுமினுப்பு எஃகு. கேம் கதை அங்கேதான் எழுதியிருக்கும். மேக்னட்டோ சோதனை 1700 சுழற்சியில்: ஒன்றை அணைத்தால் 125க்கு மேல் விழக் கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50க்குள்.

பிறகு உடல். ஃபயர்வாலின் கீழ்ப்பகுதியில் மடிப்பு, புது ரிவெட், அந்த இடத்தில் மட்டும் புது பெயின்ட். பயிற்சி விமானத்தில் இது இல்லாமலிருந்தால்தான் ஆச்சரியம். செய்த பழுது லாக்புக்கில் முறையாகப் பதிவாகியிருக்கிறதா என்பதே கேள்வி. கம்பளத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும், கூரைத் துணியை அவிழ்த்து இறக்கைகள் சேரும் குறுக்குத் தாங்கியை விளக்கடித்துப் பார்க்க வேண்டும். கடற்கரை விமானத்தில் அலுமினியம் அரித்த வெண்பொடி அங்கேதான் பூத்திருக்கும். வேகமானிக்குக் காற்று எடுக்கும் பிட்டோ குழாயிலும் டேங்க் காற்றுத் துளையிலும் குளவிக் கூடு. எரிபொருள் வடிகால்களில் கண்ணாடிக் குப்பியில் பிடித்து நீர் இருக்கிறதா என்று.

இதெல்லாம் தேறினால் ஒரு மணி நேரப் பறப்பு, வாங்குபவரும் பொறியாளரும் பயிற்சியாளரும். இறங்கி வந்ததும் அடிவயிறு முழுக்கத் துடைத்த விமானத்தில் புது எண்ணெய்க் கோடு ஓடியிருக்கிறதா பார்க்க வேண்டும்.

காகிதமும் கணக்கும்

ஏற்கெனவே 'விடி' என்ற இந்தியப் பதிவில் இருக்கும் விமானத்தையே முதல்முறை வாங்குகிறவர்களுக்குப் பரிந்துரைக்கிறோம். வெளிநாட்டில் மலிவாகத் தெரியும் பழைய விமானத்துக்கு வயது வரம்பு, தடையின்மைச் சான்று, சுங்கம் என்று வழி நீளும். சொந்தப் பயன்பாட்டு விமானத்துக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவிகிதம். உள்நாட்டுப் பழைய விமானத்துக்கு விற்பவர் யார் என்பதைப் பொறுத்து வரி மாறும். ஒப்பந்தத்துக்கு முன்பே ஆடிட்டரிடம் கேட்க வேண்டும்.

பதிவுச் சான்று, தகுதிச் சான்று, ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய தகுதி மறுஆய்வுச் சான்றான ஏ.ஆர்.சி., விமான ரேடியோ உரிமம், காப்பீடு ஐந்தும் ஒன்றாக நகர வேண்டும். பராமரிப்பை நிர்வகிக்கும் கேமோ நிறுவனத்தோடு ஒப்பந்தம் பேசும்போதே, எஞ்சினின் 12 ஆண்டுக் கெடுவைப் பராமரிப்புத் திட்டத்தில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டுவிட வேண்டும். காப்பீட்டாளர் அந்த ரகத்தில் கடைசி ஆண்டு எத்தனை மணி பறந்தீர்கள் என்று கேட்பார். ஆகவே பயிற்சியை 152இல் செய்யாமல் 172இலேயே செய்வது நல்லது. தனியார் வகை விமானத்தைக் காசு வாங்கி வாடகைக்கு விட முடியாது. "பள்ளிக்கு விட்டுச் செலவை ஈடுகட்டலாம்" என்ற கணக்கை அழித்துவிடலாம்.

செலவைப் பறந்த மணியால் வகுத்துப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு ஹேங்கர், காப்பீடு, கேமோ, ஆண்டு ஆய்வு சேர்ந்து 12 லட்சம் என்று வைத்தால், 80 மணி பறப்பவருக்கு மணிக்கு 15,000; 40 மணி பறப்பவருக்கு 30,000. ஓவர்ஹால் சேமிப்பிலும் பலர் தவறுகிறார்கள். 30 லட்சம் என்று வைத்து 2000ஆல் வகுத்து மணிக்கு 1500 ஒதுக்குவார்கள். ஆண்டுக்கு 80 மணிதான் பறக்கிறோம் என்றால் 12 ஆண்டில் ஆவது 960 மணி. ஒதுக்க வேண்டியது 3125. இதற்கு மேல் எரிபொருளும் எண்ணெயும். ஆண்டுக்கு 50 மணிக்குக் குறைவாகவே பறக்க முடியும் என்று தோன்றினால் வாங்காமல் ஒரு பறப்புச் சங்கத்தில் மணிக்கணக்கில் எடுத்துப் பறப்பதே நல்லது.

மைத்துனரோடு கூட்டு என்பதால் ஒரு பக்கத்தில் நான்கு விஷயங்களை எழுதிக் கையெழுத்திட வேண்டும்: நிலையான செலவில் யாருக்கு எவ்வளவு, எந்த ஞாயிறு யாருக்கு, சேதமானால் காப்பீடு தராத தொகையை யார் கட்டுவது, ஒருவர் விலகினால் பங்கை எப்படி விலைபோடுவது. சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு என்று கூச்சப்படுவார்கள். சொந்தம் கெடாமல் இருக்கத்தான் எழுதச் சொல்கிறோம்.

முதல் 50 மணி

பள்ளியிடமிருந்து 172பியை ஓசூருக்குக் கொண்டுவரும் பறப்பைப் பயிற்சியாளரோடு செய்ய வேண்டும், காலையில். வந்த வாரமே 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் குறிகாட்டியின் பதிவைப் பெங்களூருவில் உள்ள இஸ்ரோவின் இந்தியக் கட்டுப்பாட்டு மையத்தில் புதிய உரிமையாளர் பெயருக்கும் தொலைபேசி எண்ணுக்கும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அஞ்செட்டிக் காட்டில் விமானம் இறங்கினாலும் மீட்புக் குழு பழைய பள்ளிக்குத்தான் தொலைபேசி செய்யும்.

முதல் 25 மணியில் எண்ணெயும் வடிகட்டியும் மாற்றி, வடிகட்டியை மீண்டும் வெட்டிப் பார்க்க வேண்டும். அதன்பின் 50 மணிக்கு ஒருமுறை, அல்லது நான்கு மாதத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அது. குறைவாகப் பறப்பவருக்கு நான்கு மாதமே முந்தும். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் பறக்க முடியாமல் போனால் ப்ரொபெல்லரைக் கையால் சுற்றிவைப்பதில் பயனில்லை. வானம் திறந்த முதல் காலையில் ஒரு மணி நேரம் பறக்க வேண்டும். முதல் பத்து மணி தனியாகவோ பயிற்சியாளரோடோ. அடுத்த பத்து மணி ஒரே ஒரு பயணியோடு, காலை பத்து மணிக்குள். நான்கு பேர் ஏறும் புதுச்சேரிப் பயணத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அன்றும் எடைக் கணக்கை வீட்டிலேயே, பெட்டிகளைத் தராசில் வைத்து, எழுதி முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.